ஒட்டகத்தைத் தொட்டால் தங்கம்

அரபி மொழியின் தலைநகரம் எது என்று யாராவது கேட்டால், இனிமேல் தயங்காமல் குன்னூர் என்று சொல்லுங்கள். பாலைவனத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். அவர்கள் அந்த மொழியை வெறுமனே பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதைத் தொட்டோம்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, ஒரு காலத்தில் தேயிலை மூட்டைகள் அடுக்கியிருந்த கிடங்கின் மாடியில் 'நீலமலை ஊடாடு அரபி மின்நூல் மையம்' இயங்குகிறது. கல்லூரி விட்டதும் மாலை நேரங்களில் நான் அங்கே 'உள்ளடக்க ஒருங்கிணைப்பாளர்' என்ற உயர் பதவியை வகித்தேன். டேப்லெட்டுகளுக்குச் சார்ஜ் போடுவதும், திரையில் ஒட்டிய கொழுந்துக் கறையைத் துடைப்பதும் உள்ளடக்கத்தை ஒருங்கிணைப்பதில் அடங்கும்.

இயக்குநர் ரவிச்சந்திரன் சார் கல்வித் துறையில் பழுத்தவர். இதற்கு முன்பு ஆன்லைனில் நீச்சல் கற்றுக்கொடுத்து, ஒரு மாணவர்கூட மூழ்காமல் பார்த்துக்கொண்டவர். அவருக்கு அரபி தெரியுமா என்று கேட்பது அற்பத்தனம். மையத்தின் திறப்பு விழாவில் கழுத்தில் மாலையோடு நின்று முதல் ஒட்டகத்தைத் தொட்டவர் அவர்தான். தொட்ட கையோடு புத்தகம் அவருக்குத் 'தங்க நிலை' வழங்கியது. 'அரபியில் தாய்மொழிக்கு நிகரான புலமை' என்ற சான்றிதழ் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்குகிறது. சுவரில் அதற்குமேல் இடமில்லை, புலமைக்கும் இல்லை.

அந்த மின்நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் ஓர் ஒட்டகம். தொட்டால் தலையாட்டி 'ஜமல்' என்று சொல்லும். உடனே ஒரு பெண் குரல் 'மும்தாஸ்!' என்று கூவும்; மேலிருந்து நட்சத்திரம் விழும். மும்தாஸ் என்றால் 'மிகச் சிறப்பு' என்று பொருள். ஒட்டகத்துக்கு அடுத்து அரண்மனை. அரண்மனைக்கு அடுத்து ராக்கெட். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அவசரத்துக்கு ராக்கெட்தான் தேவைப்படும் என்று ஆராய்ந்து கண்டுபிடித்திருப்பதாக முன்னுரை சொல்கிறது.

ஆம், மாணவிகள் அநேகமாக எல்லோரும் வளைகுடா வீடுகளுக்கு வேலைக்குப் போகக் காத்திருந்தவர்கள். ஜெகதளா பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்துவிட்டு, காதைச் சுற்றிக் கட்டிய மப்ளரோடு வந்து உட்காருவார்கள். ஏஜென்ட் விஜயன் அவர்களை அனுப்புகிறவர். சான்றிதழ் இருந்தால்தான் விசா வேலையைத் தொடுவேன் என்பது அவருடைய கொள்கை.

இந்தக் கூட்டத்தில் ராஜகுமாரிக்குப் பெரிய கனவெல்லாம் கிடையாது. தோட்டத்து வரிசை வீடுகளில் அவளோடு ஒரே லயத்தில் குடியிருந்த ரேணுகா மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அங்கே சமையல் செய்கிற அம்மாளும் தமிழ் பேசுகிறவள். அதே வீட்டுக்கு இன்னோர் ஆள் வேண்டுமாம். ராஜகுமாரி அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். வேறெங்கும் அவளுக்கு வேண்டாம்.

"சும்மா பாஸானாப் போதுங்க தம்பி. ரேணுகா பக்கத்துல இருந்தா நான் எந்த ஊர்லயும் பொழச்சுக்குவேன்" என்று என்னிடம் சொன்னாள்.

குறை சொல்லும் மனிதர்கள் எங்கும் உண்டு. எங்கள் மையத்தில் அந்தப் பொறுப்பைச் சுரையா ஏற்றிருந்தாள். கடைவீதியில் வளையல் கடை வைத்திருக்கும் குடும்பம். நாத்தனாரைப் பார்த்துக்கொள்ளக் கத்தார் போக வேண்டியிருந்ததால் வந்து சேர்ந்தவள்.

"ஏனுங்க சார், எழுத்து எல்லாமே எடப் பக்கத்துல இருந்து போகுதுங்க. வலப் பக்கத்துல இருந்தில்ல வரோணும்? ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமத் தனித்தனியா வேற நிக்குது."

"உனக்கு அரபி தெரியுமாம்மா?"

"சின்ன வயசுல ஓதக் கத்துக்கிட்டதுங்க. ஓத வரும், பேச வராது."

"அதான். பழைய முறை உன் கண்ணை மறைக்குது. இது நவீன எழுத்துரு. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி மனிதச் சுதந்திரம் குடுத்திருக்கோம்."

இதற்கு மேலும் பேசினால் எழுத்துகளின் உரிமையைப் பறித்தவளாகிவிடுவேன் என்று சுரையா வாயை மூடிக்கொண்டாள்.

தொடக்கத்தில் மையம் ஒரு பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. பெண்கள் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஒட்டகத்தை ஒருமுறை தொடுவது, பிறகு கண்ணை மூடி 'ஜமல், ஜமல்' என்று முணுமுணுப்பது, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிக் காட்டுவது, அவள் சிரிப்பது. இதனால் திரை சும்மா கிடந்தது. எங்களுக்கு நிதி தரும் 'விரல்நுனிக் கல்வி அறக்கட்டளை' ஒரு புத்தகத்தின் வெற்றியை அளப்பது தொடுகைகளின் எண்ணிக்கையால். அவர்களுடைய வரைபடத்தில் நீலகிரி சிவப்பாக மாறியது.

"இப்படி உட்கார்ந்து படிச்சுக்கிட்டே இருந்தா மையத்தை இழுத்து மூட வேண்டியதுதான்!" என்று ரவிச்சந்திரன் சார் நெஞ்சில் கை வைத்தார்.

அப்போது வந்து சேர்ந்தவர்தான் அம்புரோஸ். தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் கங்காணியாக இருந்தவர். பெண்களின் வருகையைக் குறிக்க என்று அழைத்து வந்தார்கள். அவருக்கு மஸ்டர் எடுக்கத் தெரியும், வேலை வாங்கத் தெரியும். முதல் நாளே, தொடும்போதெல்லாம் புத்தகம் கூப்பிட்ட பெயரைக் கேட்டுவிட்டு, "யாரு புள்ள இந்த மும்தாஸு? இத்தனை தடவ கூப்புட்டும் வல்ல!" என்று மஸ்டரில் மும்தாஸுக்கு ஆப்சென்ட் போட்டார். மும்தாஸ் இன்றுவரை வேலைக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் அவருக்கு விஷயம் பிடிபட்டது. திரை என்பது ஒரு தேயிலைச் செடி. நட்சத்திரம் என்பது கொழுந்து. எடை கூட வேண்டும்.

"என்ன ஒத்தக் கையில தடவிக்கிட்டு? ரெண்டு கையும் ஓடட்டும்! எல வாடறதுக்குள்ள எடுக்கோணும்! கை ஓடலைன்னா அரப்பேருதான் போடுவேன், ஆமா!"

அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. இங்கே கூலியே கிடையாது. ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், பல ஆண்டுகளாகப் பழகிய விரல்கள் தாமாகவே எழுந்தன. இரண்டு கைகளும் திரைமேல் பறந்தன. ஒட்டகம் தலையாட்டி முடிப்பதற்குள் அரண்மனை. அரண்மனைக் கதவு திறப்பதற்குள் ராக்கெட். 'ஜ... க... ஜ... மும்... மும்... மும்தா...' என்று புத்தகத்துக்கு மூச்சிரைத்தது. நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. சில பெண்கள் பழக்கதோஷத்தில் பறித்ததைத் தோளுக்குப் பின்னால், இல்லாத கூடையில் போட்டார்கள்.

வரைபடம் சிவப்பிலிருந்து பச்சைக்குத் தாவியது. உலகிலேயே மிக வேகமாக அரபி கற்கும் மக்கள் ஜெகதளாக்காரர்கள்தான் என்று அறக்கட்டளை அறிவித்தது. வகுப்பே தங்க நிலையை அடைந்தது. ஒருவருக்கும் அரபியில் 'தண்ணீர்' என்று சொல்லத் தெரியாது. அந்தச் சின்னக் குறையைத் தங்கம் மறைத்துவிட்டது.

முதலில் விமானம் ஏறியவள் இசக்கியம்மா. அவளுடைய படம் வாசலில் மாட்டப்பட்டது. மையம் கொடுத்தனுப்பிய டேப்லெட்டோடு கடல் தாண்டியும் அவள் புத்தகத்தைக் கைவிடவில்லை என்பதுதான் எங்கள் பெருமை. கூடத்தின் பெரிய திரையில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு கட்டம் உண்டு. இசக்கியம்மாவின் கட்டம் ராத்திரி பகல் பாராமல் மினுங்கிக்கொண்டே இருந்தது.

"இப்பவும் கை ஓடுது பாரு!" என்று அம்புரோஸ் கண் கலங்கினார்.

ராஜகுமாரிக்கும் தங்கம் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக விஜயனிடம் போனவள், போன வேகத்தில் மையத்துக்குத் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், இந்தத் தங்கத்த வாங்கிக்கிட்டு என்னைய பெயிலாக்கிடுங்க."

ரவிச்சந்திரன் சார் சிரித்தார். பணிவு என்று நினைத்திருப்பார்.

"மஸ்கட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறாருங்க விஜயண்ணன். 'அந்த ஊட்ல தமிழு தெரிஞ்சவங்க இருக்காங்க, அங்க சர்ட்டிபிகேட்டு இல்லாட்டியும் நடக்கும், அரபி தெரியாதவள அனுப்பிக்கறேன். உன்ன மாதிரி புலமையுள்ளவள அங்க போட்டு வீணாக்குவனா?'ன்னு கேக்கறாரு. பாலைவனத்துக்குள்ள ஏதோ பண்ணை ஊடாம். சுத்துவட்டாரத்துல நம்ம பேச்சுப் பேச ஒரு சனம் இல்லியாம். இசக்கியையும் அப்பிடி ஒரு பண்ணைக்குத்தான் அனுப்பிருக்காராம். அங்க போய் நான் என்னன்னுங்க பேசுவேன்? ராக்கெட்டுன்னா?"

"ராக்கெட் சாதாரண வார்த்தையா? எதிர்காலம்மா அது!"

"சார், இசக்கி எப்பிடி இருக்காளாம்? ஏதாச்சும் சொன்னாளா?"

"அவ ஏன் சொல்லணும்? அவளோட எண்ணிக்கை சொல்லுதே!"

"என்னைய பெயிலாக்கிடுங்க சார். பெயிலானாத்தான் ரேணுகாகிட்ட அனுப்புவாரு."

ரவிச்சந்திரன் சார் எழுந்து நின்றார். கல்வி வரலாற்றில் பொறிக்கத்தக்க ஒரு வாக்கியத்தைச் சொன்னார்: "இந்தப் புத்தகத்தில் தோல்வி என்ற பட்டனே கிடையாது!"

அன்றிலிருந்து ராஜகுமாரி தோற்பதற்காக உழைத்தாள். நானறிந்து அப்படி உழைத்த மாணவி வேறில்லை. முதலில் எல்லாவற்றுக்கும் தப்பாகப் பதில் சொன்னாள். அரண்மனை எது என்று புத்தகம் கேட்டால் ஒட்டகத்தைத் தொட்டாள். 'மும்தாஸ்! முயற்சிக்கு ஒரு நட்சத்திரம்!' என்றது புத்தகம். பிறகு தொடாமலே உட்கார்ந்து பார்த்தாள். 'மும்தாஸ்! ஆழ்ந்து சிந்திக்கிறீர்கள்!' என்று இரண்டு நட்சத்திரம் விழுந்தது. மனம் வெறுத்துப்போய் டேப்லெட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். குன்னூரில் ஜன்னலோரம் எதை வைத்தாலும் அது குரங்குக்குச் சொந்தம். வந்த குரங்கு ஒட்டகத்தைப் பிறாண்டியது, அரண்மனையை நக்கியது, ராக்கெட்டின்மேல் உட்கார்ந்தது. அவள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் 'வைர நிலை' வந்திருந்தது.

வைரத்தைக் கேள்விப்பட்ட விஜயன், முதலில் சொன்னதைவிட இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பண்ணையைத் தேடிப் பிடித்தார்.

அந்த வாரமே அறக்கட்டளையின் பார்வையாளர் மையத்துக்கு வந்தார். கோட்டும் கம்பளித் தொப்பியும் அணிந்த பெரிய மனிதர். அவருக்குச் சால்வை, ஊட்டி வர்க்கிப் பொட்டலம், நீலகிரித் தைலம் எல்லாம் வழங்கப்பட்டன. முன்வரிசையில் விஜயன். சுவரோரம் மஸ்டரோடு அம்புரோஸ். மேடையில் பெரிய திரை. அதில் எல்லாக் கட்டங்களும் பொன்னிறமாக ஜொலித்தன. ரவிச்சந்திரன் சாரின் கட்டம் முதலில்.

"நம் மையத்தின் ஒரே வைரம்!" என்று ராஜகுமாரியை மேடைக்கு அழைத்தார் சார்.

பார்வையாளர் அன்போடு கேட்டார்: "அரபியில் ஏதாவது சொல்லும்மா."

ராஜகுமாரி மைக்கைப் பிடித்தாள். "சார் முதல்ல சொல்லட்டுங்க. சாரு எங்களுக்கு மூத்தவரு. எங்களுக்கு முன்னாடியே தங்கம் வாங்குனவரு." பிறகு முன்வரிசையைப் பார்த்தாள். "விஜயண்ணே, அந்தப் பண்ணைக்கு அரபி தெரிஞ்ச ஆளுதான வேணும்? என்னையவிடச் சாருக்கு நல்லாத் தெரியும். ஆள் கொஞ்சம் வாட்டசாட்டமாவும் இருக்காருங்க. சாரயே அனுப்பிடுங்களேன்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. விஜயனின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை, கணக்கு ஓடியது.

"அட, இது எனக்குத் தோணலியே! மேனேஜர் போஸ்ட்டுக்கும் அவங்க ஆள் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. சார், பாஸ்போர்ட் கையில இருக்குதுங்களா? அடுத்த வாரமே ஏத்திடலாம்."

"பாலைவனத்துல குளிர் இருக்காதுங்க சார், உங்க மூட்டுவலிக்கு நல்லது" என்றாள் சுரையா.

"நம்ம மையத்துக்கே பெருமை!" என்று பார்வையாளர் கை தட்டினார். தட்டியது போதாதென்று எழுந்துபோய்ச் சாரின் கையைக் குலுக்கினார். "எப்போது கிளம்புகிறீர்கள்?"

ரவிச்சந்திரன் சாருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. "இல்லீங்க... எனக்கு... எனக்கு அரபி தெரியாதுங்க!"

மைக் திறந்திருந்ததால் அது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது.

"தங்கம் வெச்சிருக்கீங்களே சார்?" விஜயன் விடவில்லை.

சார் தன்னுடைய டேப்லெட்டை எடுத்தார். எந்தப் பக்கத்துக்கோ போனார், எதையோ தொட்டார். பெரிய திரையில் அவருடைய பொன்னிறக் கட்டம் சாம்பல் நிறமாகி மறைந்தது. 'தகுதி நீக்கப்பட்டது' என்று எழுத்து ஓடியது. "பாருங்க, பெயிலாயிட்டேன்!" என்றார், போர்க்களத்திலிருந்து மீண்டவரைப் போல.

புத்தகத்தில் இல்லவே இல்லாத அந்தப் பட்டன், அவருடைய கட்டைவிரலுக்கடியில் சிவப்பாக, வட்டமாக, நன்றாகவே இருந்தது.

அவர் டேப்லெட்டை இழுத்துக்கொள்வதற்குள் ராஜகுமாரியின் இரண்டு கைகளும் அதன்மேல் இறங்கிவிட்டன. அந்த வேகத்தை நான் முன்பே சொல்லியிருக்கிறேன். முதலில் அவளுடைய வைரம் உதிர்ந்தது. பிறகு பக்கத்துக் கட்டம், அதற்கடுத்த கட்டம். "எனக்கும் எடுத்துடு புள்ள!" "என்ற பேர விட்றாத!" என்று கீழேயிருந்து பெண்கள் கூவினார்கள். வகுப்பின் தங்கம் முழுவதும் கிள்ளிக் கிள்ளி எடுக்கப்பட்டது. "கை ஓடட்டும்! அப்பிடித்தான்!" என்று அம்புரோஸும் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், எது பறிபோகிறது என்பதெல்லாம் கங்காணிக்கு இரண்டாம் பட்சம்.

கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது. இசக்கியம்மா. ராஜகுமாரி தொட்டாள், மறுபடி தொட்டாள், அது போகவில்லை. வெளிநாடு போனவர்களின் தங்கம் விளம்பரத்துக்காகப் பூட்டப்பட்டது. அவள் தொட்ட வேகத்தில் வேறொன்று திறந்துகொண்டது: 'உச்சரிப்புப் பயிற்சி - நேரலை'.

கூடத்து ஒலிபெருக்கியில் இசக்கியம்மாவின் குரல் வந்தது. ஈனமான குரல். புத்தகத்துப் பெண் குரலிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"...காச்சலுக்கு என்ன சொல்றதுன்னு சொல்லு தாயி. மூணு தடவ முழுசாத் தேடிட்டேன், இந்தப் புக்குல அது இல்ல. ஒடம்பு கொதிக்குது. இந்த வூட்டம்மா நல்லவங்கதான், வந்து வந்து கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. தெரிஞ்சது ஒட்டகம் ஒண்ணுதான், அதச் சொன்னேன். ஆசப்படுறேன்னு நெனச்சு ஒட்டகப் பாலாக் கொண்டாந்து குடுக்கறாங்க. குடிச்சுக் குடிச்சு வாந்தியா வருது..."

'மும்தாஸ்!' என்றது புத்தகம். 'உச்சரிப்பு நூற்றுக்கு நூறு!'

"இசக்கி! ஏ இசக்கி!" என்று பெண்கள் திரையைப் பார்த்துக் கத்தினார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. எங்கள் புத்தகம் ஊடாடும் புத்தகம்தான். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதற்கு மட்டும்தான் வசதி உண்டு, இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்வதற்கு இல்லை.

சுரையா போய் விஜயனின் எதிரே நின்றாள். "அந்த ஊட்டு நம்பர் உங்ககிட்ட இருக்குமில்ல? போடுங்க."

"போட்டு நான் என்னம்மா பேசறது? எனக்கு மட்டும் அரபி தெரியுமா?"

"உங்களுக்கும் தெரியாதா?" என்று அப்பாவியாக விஜயனைக் கேட்டார் பார்வையாளர். அவரிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ராஜகுமாரி அதற்குள் தன் போனில் ரேணுகாவைப் பிடித்துவிட்டாள். "ஏய் ரேணு, காச்சலுக்கு அங்க என்னடி சொல்லுவீங்க?"

"ஹும்மா. சமையக்காரம்மா மொத நாளே சொல்லிக் குடுத்துட்டாங்களே. ஏன்டி, ஒடம்பு சரியில்லியா?"

"எனக்கில்லடி, இசக்கிக்கு. விஜயண்ணே, நம்பரச் சொல்லுங்க. ரேணு, எழுதிக்க. அந்த வூட்டுக்குப் போட்டு அத அப்படியே சொல்லு."

கூடத்தில் யாரும் உட்காரவில்லை. ஒலிபெருக்கியில் இசக்கியம்மாவின் இருமல். பிறகு எங்கோ ஒரு போன் மணி. ஓர் அரபுப் பெண்ணின் குரல் எதையோ கேட்டது, நின்றது, வீச்சென்று உயர்ந்தது: "ஹும்மா?!"

செருப்புச் சத்தம் ஓடிவந்தது. கதவு திறந்தது. "ஹும்மா?" என்று அந்தக் குரல் மிக அருகில் கேட்டது.

"ஆமா தாயி! ஆமா!" இசக்கியம்மா அழுதாள். "ஹும்மா! ஹும்மா! ஹும்மா!"

திரையில் அவளுடைய பொன்னிறக் கட்டம் சட்டென்று சிவந்தது. இதுவரை யாரும் கேட்டிராத ஒரு கரகரத்த மணி அடித்தது. 'தவறு!' என்றது புத்தகம். 'இந்தச் சொல் பாடத்திட்டத்தில் இல்லை. ஒட்டகத்தைத் தொட்டு மீண்டும் முயலவும்.'

இசக்கியம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், ஒட்டகப் பால் நிறுத்தப்பட்டுவிட்டதாகவும் மறுநாள் ரேணுகா சொன்னாள். பெயிலான ராஜகுமாரிக்கு மஸ்கட் விசா வந்துவிட்டது. இப்போது மாலை நேரங்களில் பெண்கள் சுரையாவின் வளையல் கடை வாசலில் கூடுகிறார்கள். நடுவில் ஒரு போன், அதில் ரேணுகாவும் அந்தச் சமையல் அம்மாளும். அங்கே நட்சத்திரம் எதுவும் விழுவதில்லை.

மையமும் சிறப்பாகவே இயங்கிவருகிறது. அறக்கட்டளைக்கு ரவிச்சந்திரன் சார் அனுப்பிய அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். அதில் ஒளிவுமறைவு இல்லை. 'எமது மின்நூலில் இதுநாள்வரை பதிவாகியுள்ள தவறு ஒன்றே ஒன்று. அது இசக்கியம்மா என்ற மாணவியுடையது. நோயுற்றிருந்தபோது அவர் அதை அரபியில் சொல்லிவிட்டார். இனி அவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ளப்படும்.'